ராகேலாள் சொன்ன அடிகள்

கதிரவன் சாயச் சிவந்த வானம் நொய்யலின் சாயநீரில் தன் முகம் பார்த்து மயங்க, பின்னலாடைக் கூடங்களின் இரைச்சல் கார்காலத் தவளையொலிபோல் தெருத்தோறும் நிறைய, பஞ்சுத்தூள் படிந்த கூந்தலோடு பெண்டிர் பணிவிட்டு மீளும் நல்லூரின் அந்திப்பொழுது அது.

மனைவி ராகேலாளை இழந்து ஓராண்டு நிறைந்த அவ்வந்தியில், சாயப்பட்டறையில் உழைத்து ஓய்ந்தவனும் ஊரில் எவரையும் நம்பாதவனுமான முதியவன் ஞானமுத்து செபிக்க அமர்ந்தான். அவனுக்கு எழுத்து வராது. மணநாள்தொட்டு நாற்பத்தாறு ஆண்டுகள், மலைநோக்கிக் கண்ணுயர்த்தும் எட்டடிச் சங்கீதம் என்னும் வேதாகமப் பாட்டை, தேவாலய வழக்கப்படி ஓரடி அவனும் மறுவடி அவளுமாய் மாறிமாறிச் சொல்லிவந்தனர். வந்த கேடு என்னவெனில், அவளுடைய நான்கடிகளையும் அவன் செவியில் வாங்கினானேயன்றி நாவில் ஏற்றவில்லை. அவள் போனபின் அப்பாட்டு, இழையறுந்து துளைவிட்ட பின்னல்துணிபோல் ஆயிற்று. இன்றும் நிறைவாய் வாராவிடில் இனிச் செபமே வேண்டாம் என்றிருந்தான், சொன்னால் செய்பவன்.

மகன் செல்வக்குமார் கைப்பேசியை நீட்டினான். "நீங்க ஒண்ணு சொல்லுங்கப்பா, இது ஒண்ணு படிக்கும்."

"அதுக்குள்ள இருக்கறவன் ஆரு? எங்கூடச் சோறு தின்னவனா? எடுத்துட்டுப் போ."

ஞானமுத்து முதலடியைச் சொன்னான்; அவளுடைய இரண்டாம் அடி நாவில் வரவில்லை. அப்போது, கல்லறைக்கென்று தொடுத்த செவ்வந்திச் சரத்தோடு வாயிலில் வந்து நின்ற மருதாள், ராகேலாளோடு இருபதாண்டு பின்னலாடைக் கூடத்தின் ஒரே மேசையில் பிசிறுநூல் வெட்டியவள், முருகனையன்றிப் பிறரைத் தொழுதறியாதவள், இரண்டாம் அடியைப் பிசகின்றிச் சொன்னாள்.

கிழவன் வெகுண்டான். "ஏனம்மிணி, ஆரு சொல்லிக் குடுத்தா? சபைக்காரங்க அனுப்பிச்சாங்களா?"

"ஆரும் அனுப்பலீங்ண்ணா. நூலு வெட்டறப்ப அக்கா தெனமும் சொல்லும். கேட்டுக் கேட்டு ஒட்டிக்கிச்சு. எனக்கும் பாதிதானுங்க தெரியும். ஒண்ணு சொல்லும், கம்முனு இருக்கும், அப்புறம் அடுத்தது. ஏனக்கா நடுவால நிறுத்தறேன்னா, 'அந்த எடம் எங்கூட்டுக்காரரோடது புள்ள, நாஞ் சொன்னா கோவிச்சுக்குவாரு'ன்னு சிரிக்கும்."

ஞானமுத்து வாயில்பக்கம் திரும்பி அமர்ந்தான். பின் மூன்றாம் அடியைச் சொன்னான். நான்காம் அடி வாயிலிலிருந்து வந்தது. இவ்வாறே எட்டும் நிறைந்தன.

படிப்பவரே, சாயப்பட்டறையின் ஆவியில் அவன் வெந்துநின்ற பகல்களிலெல்லாம், ஊரின் மறுகோடியில் ஒருத்தி அவன் குரலுக்கு இடம்விட்டுக் காத்திருந்தாள். அதை அவன் அறிந்த நாளில் அவள் மண்ணுக்குள் கிடந்தாள். உடனிருப்பார் சொல்லை என்றுமிருக்கும் என்றெண்ணிச் செவியோடு நிறுத்திக்கொள்வார்க்கு, அச்சொல் பின்னொருநாள் அயலார் வாய்வழியே வருமாயின், அதுவே பெரும்பேறு.