தாம்பாளத்தில் ஒரு தேசம்

கிட்டே வாருங்கள், கண்ணுகளா. காலை மடக்கி உட்காருங்கள். இன்றைக்கு ஒரு கோபத்தின் கதை சொல்கிறேன். அடுப்பேற்றாமலே கொதித்த கோபம்.

மராட்டி பேசும் நிக்டியில் வனஜா வீட்டுக் கொலு. படிகளுக்குக் கீழே வருஷா வருஷம் ஒரு பார்க் அமைப்பாள். ஒரு வருஷம் பண்டரிபுரம், இன்னொரு வருஷம் லோணாவளா மலை. இந்த வருஷம் தாம்பாளத்தில் தண்ணீர் விட்டு, நடுவே மணலை மெல்லிய பிறையாக வளைத்திருந்தாள். அதன்மேல் கருப்புக் காகிதத்தில் விமான ஓடுதளம், தீப்பெட்டி வீடுகள், கொத்தமல்லிக் காம்பில் தென்னைகள். துவாலு. ஃபிஜிக்குப் போய், அங்கிருந்து வேறு விமானம் ஏற வேண்டிய குட்டித் தேசம். ஃபிஜியில் படிக்கப் போன மகள் அகல்யா அந்தத் தீவுப் பையனைக் கட்டிக்கொண்டு அங்கேதான் இருக்கிறாள். இப்போது ஏழாம் மாதம்.

தேஹு ரோடு ராணுவ டெப்போவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கோவிந்தராஜன், கல்யாணச் சேதி வந்த நாளிலிருந்து மகளோடு பேசவில்லை. கேட்பவர்களிடம் அவளுக்குச் சிட்னியில் வேலை என்று சொல்லிவைத்திருந்தார். தலைப்பிரசவம், ரெண்டு பேரும் போய் வரலாம் என்று வனஜா வாயெடுத்தால் போதும்.

"குடிக்க மழைத்தண்ணிதான். தெனம் ப்ளைட் கெடையாது. இந்தப் பக்கம் கடல், அந்தப் பக்கம் கடல், நடுவுல ஒரு ரோடு. அங்க போயி என்னத்தப் பண்ணுவ?"

ஒவ்வொரு விவரத்தையும் தாழ்ப்பாள் மாதிரி போடுவார். இவ்வளவும் இவருக்கு எப்படித் தெரியும் என்று யோசிக்கக்கூட அவளை ஆத்திரம் விடவில்லை.

அன்று சாயங்காலம் பக்கத்து பில்டிங் சுந்தரராமனும் நீலாவும் வந்தார்கள். நீலா பாட ஆரம்பித்தாள். சுந்தரராமன் சுண்டலை மென்றபடி தாம்பாளத்தின் மேல் குனிந்தார்.

"என்ன வனஜாம்மா, அலிபாக் பீச்சா?"

"துவாலு."

"அரே, மூழ்கப்போறதுன்னு சொல்றாளே, அதுவா?" கையிலிருந்த டம்ளரைச் சாய்த்து மணல்மேல் ஊற்றினார். "பாருங்கோ, வேலை முடிஞ்சுது."

தீப்பெட்டி ஒன்று மிதந்தது. கோவிந்தராஜனும் சிரித்தார். வந்தவருக்காகச் சிரித்த சிரிப்புதான். வனஜாவுக்கு அது போதுமாயிருந்தது.

"டம்ளரக் கீழ வைங்க சார்." குரல் ஏறவில்லை. "அது என் பொண்ணு வீடு. சிட்னியில எங்களுக்கு யாரும் இல்ல. நீங்க தண்ணி ஊத்துன எடத்துலதான் அவ வாயும் வயிறுமா இருக்கா."

நீலாவின் பாட்டு பாதியில் நின்றது.

"ஏதோ விளையாட்டுக்கு..." என்றார் சுந்தரராமன்.

வனஜா புருஷனைப் பார்த்தாள். "சிரிங்க. நல்லா சிரிங்க. ரெண்டு வருஷமா நீங்க அவ தலையில ஊத்தாத தண்ணியவா இவரு ஊத்திட்டாரு?"

நீலாவுக்குக் குங்குமம், வெற்றிலை பாக்கு, தேங்காய் எல்லாம் குறையாமல் கொடுத்தாள். போயிட்டு வாங்க என்று மட்டும் சொல்லவில்லை.

கதவு சாத்தியதும் கோவிந்தராஜன் தரையில் உட்கார்ந்து, சுண்டல் கரண்டியால் தண்ணீரை முகந்து வெளியே விட ஆரம்பித்தார்.

"ரன்வே இவ்ளோ குறுகலா இருக்காது," என்றார் நிமிராமல். "ப்ளைட் இல்லாதப்ப புள்ளைங்க அதுலதான் பந்து ஆடும். வர்றப்ப சைரன் ஊதுவாங்க, நம்ம டெப்போ சைரன் மாதிரி. எல்லாம் வெலகிடும்."

"இவ்ளோ படிச்சீங்களே. உங்க பொண்ணுக்கு எத்தனாவது மாசம்னு அதுல எங்கயாவது போட்டிருந்துச்சா?"

அவர் இன்னொரு கரண்டி முகந்தார். அவள் போனை எடுத்து அவர் மடியில் போட்டாள். "பேசுங்க."

"இப்ப வேணாம். அங்க நடுராத்திரி தாண்டியிருக்கும்." கரண்டி நின்றது. "தூங்கட்டும்."

வனஜா அசையவில்லை. கோபமும் இறங்கவில்லை. எந்த நேரத்தில் அங்கே எந்த நேரம் என்று இந்த மனுஷன் எத்தனை தடவை கணக்குப் போட்டிருப்பான், போட்டுவிட்டுப் போனைத் தொடாமலே இருந்திருப்பான் என்று நினைக்க நினைக்க அது இன்னும் ஏறியது. உதவிக்குக் குனியாமல், கட்டிய கையை அவிழ்க்காமல் நின்றாள். அவர் நனைந்த தீப்பெட்டி வீடுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் குத்துவிளக்கின் பக்கத்தில் காயவைத்தார். பிறகு சரிந்த மணலைக் கட்டைவிரலால் ஒதுக்கி ஒதுக்கி, கரையைக் கொஞ்சம் உயர்த்தினார்.

நாலு பக்கமும் தண்ணீர் சூழ்ந்தாலும் உங்கள் வாசற்படி நனையாதிருக்கட்டும், கண்ணுகளா. தூரத்தில் தூங்குகிற பிள்ளைகளின் பெயர் உங்கள் வீட்டில் உரக்கக் கேட்கட்டும்.