கேட்ட விலைக்கே

தேரடி வீதியில் எங்களுக்குப் பாத்திரக் கடை. இந்தத் தெருவில் முதலில் சொல்லும் விலையை எவனாவது அப்படியே கொடுத்துவிட்டால், சந்தேகப்பட்டு நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்போம். பேரம் பேசாத ஆள் ஒன்று வெள்ளைக்காரராக இருக்கவேண்டும், இல்லையென்றால் வீட்டில் ஏதோ சரியில்லை.

என் மனைவி சரசு, சர்க்கரை வந்த புதிதில் டாக்டரிடமே பேரம் பேசியவள்.

"காபியில சர்க்கரையே கூடாதும்மா."

"சரிங்க சார். அரை ஸ்பூன்."

"கூடாதும்மா."

"கால் ஸ்பூன். ராத்திரிக்கு ஒரு இட்லி குறைச்சுக்கறேன். உங்களுக்கும் வேணாம், எனக்கும் வேணாம்."

டாக்டர் சிரித்துவிட்டார். கால் ஸ்பூன் படிந்தது. வெளியே வந்ததும், "இன்னும் கொஞ்சம் இழுத்திருக்கலாங்க," என்றாள்.

அப்புறம் வீட்டில் எல்லோருமே டாக்டரானோம். மகள் ஆர்த்தி வேலூரிலிருந்து போன் செய்தால், "சாப்டியாம்மா?" என்று கேட்பதில்லை, "என்ன சாப்ட்டே?" என்றுதான் கேட்பாள். சரசு சிரிப்பாள். "கோர்ட்டுல கூட இவ்ளோ கேள்வி கேக்க மாட்டாங்கடி."

சரசுவின் அம்மாவுக்கு இதே நோயில் ஒரு காலை எடுத்தார்கள். அதைப் பற்றி அவள் பேசுவதில்லை. ஆனால் கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, துலக்கின பித்தளைத் தாம்பாளத்தைச் சுவரில் சாய்த்து, அதில் உள்ளங்காலைப் பார்த்துக்கொள்வாள்.

"என்ன பாக்கறே?"

"தாம்பாளத்துல கீறல் இருக்கான்னு பாக்கறேங்க."

தை மாதம் வேங்கிக்கால் மண்டபத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் ஜாங்கிரி வந்தது. சரசு கேட்கக்கூட இல்லை. நாலு இலை தள்ளி இருந்த என் அக்கா கன்னியம்மாள் குரல் கொடுத்தாள்: "ஏம்பா, அவளுக்கு வெக்காத! அவளுக்கு சர்க்கரை ஜாஸ்தி!"

பந்தியே திரும்பிப் பார்த்தது. "நம்ம சரசுக்கா? ஐயோ பாவம்," என்றது ஒரு குரல். சாம்பார்கூட இன்னும் வரவில்லை. சரசு இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டாள்.

அதற்கப்புறம் அவள் எந்தக் கல்யாணத்துக்கும் வரவில்லை, கோயிலுக்கும் போகவில்லை. காபியே வேண்டாமென்றாள். படிந்த கால் ஸ்பூனையும் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

போன வாரம் செங்கம் பக்கத்து அம்மா ஒருத்தி, மகள் சீர்வரிசைக்குக் குத்துவிளக்கு பார்த்தாள். விலை சொன்னேன்.

"பாதிக்குக் குடுப்பீங்களா?"

வாங்குகிறவள் கேட்கிற விலையா அது? சண்டைக்கு இழுக்கிற விலை. இந்த இடத்தில் சரசு, "பாதி விலைக்குப் பாதி விளக்குதாம்மா வரும். மேல்பாதியா, கீழ்ப்பாதியா?" என்று ஆரம்பிப்பாள். நான் ஒதுங்கி நின்றேன்.

"எடுத்துட்டுப் போங்க," என்றாள் சரசு.

அந்த அம்மா பயந்துபோய் விளக்கைக் கீழே வைத்தாள். "ஏங்க, ஓட்டை கீட்டை இருக்கா?"

மறுநாளே டாக்டரிடம் அழைத்துப் போனேன். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "சூப்பர்மா! சர்க்கரை நல்லா கம்மியாயிருக்கு," என்றார். சரசு தலையாட்டினாள்.

"சார், இவ பேரமே பேச மாட்டேங்கறா," என்றேன்.

"நல்லதுதானே! உங்களுக்கு லாபம்," என்று சிரித்துவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

வெளியே ஆட்டோக்காரர், "தேரடியா? முன்னூறு," என்றார். பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தில்கூட வாய் கூசும் காசு. 'ஆட்டோவையும் சேத்தாப்பா?' என்று அவள் கேட்பதற்காகக் காத்திருந்தேன். டிரைவர் முகத்திலும் அடுத்த விலை தயாராக இருந்தது.

சரசு புடவையைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றி உள்ளங்காலைத் தடவினாள்.

நானும் ஏறினேன். "காலைக் காட்டு, நான் பாக்கறேன்."

"வேணாங்க."

"ரெண்டும் வேணாம். ஒண்ணு."

கலெக்டர் ஆபீஸ் தாண்டியது. இன்னும் கொஞ்ச தூரம் போனபிறகு, வெளியே பார்த்தபடியே, இடது காலை என் பக்கம் நகர்த்தினாள்.

எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். கீறல் எதுவும் இல்லை. சில்லென்று இருந்தது. நான் தொட்டது அவளுக்குத் தெரிகிறதா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.