டூஃபி கொடுக்க வந்த சிறுநீரகம்

குப்பி சில்லென்று இருந்தது.

"இப்பத்தான் போய்ப் பிடிச்சிட்டு வர்றேன் சிஸ்டர்" என்று சொல்லித்தான் டூஃபி அதை என் மேசைமேல் வைத்தாள். அப்போதுதான் பிடித்த சிறுநீராக இருந்தால் கையுறையைத் தாண்டியும் வெதுவெதுப்பு தெரியும். கானா நாட்டுக் குமாசி நகரில், இந்த ஆஸ்பத்திரியின் சிறுநீரகப் பிரிவில் பதினேழு வருடமாக நர்ஸாக இருக்கிறேன். எனக்கா தெரியாது?

சோதனைப் பட்டையை அதில் முக்கினேன். ஒரு நிமிடம் கழித்தும் மஞ்சளாகவே நின்றது. சிறுநீரகம் கெட்டால் ஒழுகும் புரதம் துளிகூட இல்லை. மூன்று நாளைக்கு முன் இதே பெண்ணின் சிறுநீரில் இதே மாதிரிப் பட்டை கரும்பச்சையாகிவிட்டிருந்தது. அதனால்தான் டாக்டர் நியார்கோ மறுபடி சோதிக்கச் சொல்லியிருந்தார்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் டயாலிசிஸ் நாற்காலியில் அவள் தம்பி அம்போன்சா சாய்ந்திருந்தான். முப்பத்தோரு வயது. உள்ளூர்க் கால்பந்து ஆட்டங்களில் நடுவராக ஓடிக்கொண்டிருந்தவன். ஐந்து வருடத்துக்கு முன் கணுக்கால் வீங்கி, சிறுநீர் நுரைத்தபோது ஒரு கிளினிக்கில் காட்டினான். பிரஷர் என்றார்கள், உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். அடுத்த இடத்திலும் அதையே சொன்னார்கள். இருபத்தாறு வயதுப் பையனுக்குப் பிரஷர் ஏன் வந்தது என்று யாரும் கேட்கவில்லை. அவன் சிறுநீரில் ஒரு பட்டையை முக்கிப் பார்க்கவும் இல்லை. போன வருடம் இரண்டாம் பாதி ஆட்டத்தின் நடுவில் மைதானத்திலேயே விழுந்தான். அப்போது இரண்டு சிறுநீரகமும் போய்விட்டிருந்தன.

சிறுநீரகம் மாற்றிவைக்கும் வெளிநாட்டு அறுவைச் சிகிச்சைக் குழு வருவதற்குப் பத்து நாள் இருந்தது. வருடத்துக்கு ஒரு தடவைதான் வருவார்கள். ஒரு சிறுநீரகத்தைத் தர முன்வந்த டூஃபியின் ரத்தம் தம்பிக்கு நன்றாகப் பொருந்தியிருந்தது.

"கதவைச் சாத்திட்டு உக்காரு டூஃபி. யாரோடது இது?"

"என்னோடதுதான்."

"யாரோடது?"

அவள் கைப்பையின் வாரை விரலில் சுற்றினாள், பிரித்தாள். டூஃபிக்குச் சந்தையருகே முடி பின்னும் கடை இருந்தது. சும்மா இருக்கத் தெரியாத விரல்கள்.

"கடையில இருக்கிற பொண்ணோடது. விடியறதுக்குள்ள அவ வீட்டுக்கே போய் வாங்கிட்டேன்."

"உனக்குப் பைத்தியமா?"

"எனக்கு ஒண்ணுமில்ல சிஸ்டர்! காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் நின்னுக்கிட்டே பின்றேன். ஒரு நாள் தலைவலின்னு படுத்ததில்ல. அந்தப் பட்டைக்கு என்ன தெரியும்?" குரலைத் தாழ்த்தினாள். "நீங்க எழுதப்போறது ஒரே வார்த்தை. 'இல்ல'ன்னு எழுதுங்க. அவனைப் பாருங்க. அடுத்த வருஷம் வரைக்கும் தாங்குவானா?"

பார்த்தேன். அவன் கையில் ஊசி குத்த இடமில்லாமல் கழுத்தில் குழாய் போட்டிருந்தோம். அப்படியும் பக்கத்து நாற்காலிக் கிழவரிடம் ஏதோ சொல்லிச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தான்.

மறைக்க விரும்பவில்லை, நான் பேனாவை எடுத்தேன். தாளில் வைக்கவும் செய்தேன். பட்டை மஞ்சளாகத்தானே இருக்கிறது, பார்த்ததை எழுதினால் என்ன பொய் என்று மனசு ஒரு வழி காட்டியது. பிறகு எழுந்து அலமாரியிலிருந்து ஒரு காலிக் குப்பியை எடுத்தேன்.

"வா. பாத்ரூமுக்கு நானும் கூட வர்றேன்."

அவள் என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. "அவன் செத்தா நீங்கதான் சிஸ்டர் காரணம்" என்றாள்.

இந்தத் தடவை பட்டை முப்பது நொடியிலேயே கரும்பச்சையானது. பிரஷர் நூற்று ஐம்பத்தெட்டு.

நான்கு நாள் கழித்து, முன்பே அனுப்பியிருந்த இருவருடைய மரபணுச் சோதனை முடிவும் வந்தது. டாக்டர் நியார்கோ அக்காவையும் தம்பியையும் சேர்த்து உட்காரவைத்தார். என்னையும் இருக்கச் சொன்னார்.

"எல்லாரும் பிரஷர் வந்து கிட்னி கெட்டதுன்னு சொல்லியிருப்பாங்க. உனக்கு அப்படியில்ல அம்போன்சா. கிட்னி முதல்ல கெட்டுச்சு, அதனாலதான் பிரஷர். நம்ம பக்கம் ஈ கடிச்சு வர்ற தூக்க வியாதி இருந்துச்சில்ல, அதைத் தாங்க நம்ம முன்னோர் ரத்தத்துல ஒரு மாற்றம் வந்துச்சு. அது அம்மாகிட்டயிருந்தோ அப்பாகிட்டயிருந்தோ ஒண்ணு மட்டும் வந்தா பெரும்பாலும் தொந்தரவில்ல. ரெண்டு பேர்கிட்டயிருந்தும் வந்தா, சிலருக்குக் கிட்னியை அரிக்க ஆரம்பிச்சிடும். உனக்கு ரெண்டும் இருக்கு." டூஃபி பக்கம் திரும்பினார். "உனக்கும்மா. அரிப்பும் தொடங்கிடுச்சு. ஒரு கிட்னியைக் குடுத்தா மிச்சமிருக்கிறதும் சீக்கிரம் போயிடும்."

"போகட்டும்" என்றாள் டூஃபி.

அம்போன்சா அவளையே பார்த்தான். குப்பி விஷயம் எப்படியோ அவன் காதுக்குப் போயிருந்தது.

"ஏன்க்கா, பந்தைக் கையால தட்டி உள்ள போட்டுட்டு என்னையே கோல்னு விசில் ஊதச் சொல்றியா?"

"வாயை மூடுடா. நீ போனா கறுப்புத் துணி கட்டிக்கிட்டு நிக்கப்போறது நான்."

"பக்கத்து நாற்காலியில உன்னைக் கொண்டாந்து படுக்கவச்சிட்டு நான் பாக்கணுமா? உன் கிட்னி எனக்கு வேண்டாம். டாக்டர், அவளுக்கு மருந்தை எழுதுங்க."

டாக்டர் எழுதினார். புரதம் ஒழுகுவதையும் பிரஷரையும் சேர்த்துக் குறைக்கும் மாத்திரை. வலி மாத்திரையும் கசப்பு வேர்க் கஷாயமும் தொடக்கூடாது என்றார். டூஃபி அந்தச் சீட்டை வாங்கவில்லை. தம்பிதான் வாங்கி மடித்து அவள் பைக்குள் திணித்தான்.

குழு வந்தது, வேறு மூன்று பேருக்குச் செய்துவிட்டுப் போனது. அம்போன்சாவுக்காகப் பொருந்தும் வேறு ஆளைத் தேடினோம், கிடைக்கவில்லை. ஏழு மாதம் இருந்தான். வறண்ட காற்று வீசும் ஜனவரியில் கழுத்துக் குழாய் வழியே கிருமி ஏறியது. மூன்றே நாள்.

டூஃபி என் முகத்தில் இனி விழிக்கமாட்டாள் என்று நினைத்தேன். அவன் இறந்த நான்காம் நாள், துக்கத்துக்குக் கட்டும் சிவப்புத் துணியோடு பிரிவு வாசலில் வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது.

"அந்தப் பட்டை டப்பா உங்ககிட்ட எத்தனை இருக்கு சிஸ்டர்? சனிக்கிழமை ஒரு வாரச் சடங்கு. எங்க குடும்பம் மொத்தமும் வரும். வேற எதுக்குக் கூப்பிட்டாலும் அவங்க வரமாட்டாங்க."

டாக்டரிடம் கேட்டுக்கொண்டு இரண்டு டப்பாவும் பிரஷர் கருவியும் எடுத்துப் போனேன். பந்தலுக்குக் கீழே கறுப்பும் சிவப்புமாக நூறு பேருக்குமேல். டூஃபி எழுந்து நின்று விஷயத்தைச் சொன்னதும் குடும்பத் தலைவரான அவள் தாய்மாமன் தடியை ஊன்றி எழுந்துவிட்டார்.

"எழவு வீட்டுக்கு வந்தவங்ககிட்ட மூத்திரம் கேக்குறியே, உனக்குப் புத்தி பிசகிடுச்சா?"

"ஆமா மாமா. அவன் உயிரோட இருந்தப்பவே பிசகிடுச்சு. அடுத்தவ மூத்திரத்தைக் கொண்டுபோய் என்னோடதுன்னு குடுத்தவ நான்." கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "அவனுக்கு யாரும் சூனியம் வைக்கல. யாரும் சாபம் போடல. அவனுக்கு இருந்தது எனக்கும் இருக்கு. எனக்கு ஒரு வலி கிடையாது, ஒரு வீக்கம் கிடையாது. இந்தப் பட்டை சொன்னதுக்கப்புறம்தான் தெரியும். உங்கள்ல எத்தனை பேருக்கு இருக்கோ. முதல் குப்பி உங்களுக்குத்தான் மாமா."

பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். மாமா குப்பியைப் பார்த்தார், டூஃபியைப் பார்த்தார். பிறகு துக்கத் துணியைத் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் நடந்தார். அவர் போனதும் மற்றவர்கள் வரிசையாக வந்தார்கள்.

நாற்பத்தொரு பேருக்குப் பார்த்தேன். மாமாவுக்குப் பட்டை மஞ்சள். ஐந்து பேருக்குப் பச்சை. ஐந்தாவது, டூஃபியின் கடைசித் தங்கை கொனாடு. ரத்த வகை சேராததால் அண்ணனுக்குத் தர அவளை நாங்கள் சோதித்திருக்கவில்லை. வயது பத்தொன்பது. பட்டையைப் பார்த்ததும் கண்ணீரோடு டூஃபியின் கையைப் பிடித்தாள்.

"அக்கா, நானும் அண்ணன் மாதிரியா?"

"அண்ணனுக்கு யாரும் பாக்கல. உனக்குப் பாத்தாச்சு. திங்கக்கிழமை காலையில என்கூட டாக்டர்கிட்ட வர்ற. கண்ணைத் துடை, முதல்ல சாப்பிடு" என்றாள் டூஃபி.

இது நடந்து நான்கு வருடமாகிறது. கொனாடுவுக்கும் அம்மா அப்பா இருவரிடமிருந்தும் அந்த மாற்றம் வந்திருந்தது. ஆனால் சிறுநீரகம் இன்னும் கெடவில்லை. டூஃபிக்குப் புரதம் பாதிக்குமேல் குறைந்திருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை இரண்டு பேரும் ஒன்றாக வருகிறார்கள். மாத்திரையை மறந்தது யார் என்று வாசலிலிருந்தே சண்டை தொடங்கிவிடும். போன தடவை அக்காதான் மறந்திருந்தாள். தங்கை அதை என்னிடம் போட்டுக்கொடுத்தாள்.