இடது பின்விளக்கு

பிக்கப் வண்டியின் பின்பக்கம், சிமெண்டுத் தரையில் விரித்த பழைய கோணியில் மல்லாந்து கிடந்து, கையிலிருந்த வயரின் முனையை வெஸ்லி மறுபடியும் சுரண்டிக்கொண்டிருந்தான். செம்பு ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தது.

கொட்டகை வாசலில் நிழல் விழுந்தது. அக்காள் மகள் டாரா, குளிருக்கு அப்பனின் கோட்டை மாட்டிக்கொண்டு நின்றாள்.

"மாமா, உள்ள வாங்க. அம்மாவுக்கு மூச்சு ஒரு மாதிரி ஆயிடுச்சு. நர்ஸம்மா எல்லாரையும் கூப்பிடச் சொன்னாங்க."

"இதோ வந்துட்டேன். இந்த இடது லைட்டு மட்டும் படுத்துது. எர்த் சரியா பிடிக்கல."

டாரா கொஞ்ச நேரம் அந்த லைட்டையே பார்த்தாள். பிறகு திரும்பி நடந்தாள்.

எர்த் பிடிக்காமல் இல்லை. காலையிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. ஹெட்லைட் இரண்டும், முன்னாலிருந்த சின்ன விளக்குகளும், இண்டிகேட்டர்களும், பின்னால் சிவப்பு விளக்கு இரண்டும் ஒரு குறையில்லாமல் எரிந்தன. மேகம் கவிந்த நவம்பர் காலையில் கொட்டகை முழுக்க மஞ்சளும் சிவப்பும் மாறி மாறி விழுவதைப் பார்த்தபடி அவன் நின்றான். இனி அங்கே செய்வதற்கு ஒரு வேலையும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. சும்மா கையை வைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குள் போகவேண்டும். அவன் குனிந்து, இடது விளக்கின் திருகைக் கழற்றி, எர்த் வயரை உருவி எடுத்தான்.

வண்டி நதீன் அக்காளுடையது. ஐம்பத்து மூன்றாம் வருடத்துச் செவர்லே. யாரோ ஒரு விவசாயி கோழிக்கூண்டாக வைத்திருந்ததை ஏலத்தில் எடுத்து, என்ஜினைத் தானே பிரித்துக் கோத்தவள் அவள். விளக்கு வயர்களை மட்டும் எலிகள் தின்றிருந்தன. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு வைத்திருந்தாள். வைத்தியம் இனி வேண்டாமென்று வீட்டுக்கு வந்த அன்று தம்பிக்குப் போன் போட்டாள்.

"கல்லறைக்கு அந்த வண்டியிலதான்டா போவேன். லைட்டு எரியலேன்னு நடுவழியில போலீஸ்காரன் நிறுத்தினா நான் இறங்கிப் பேச முடியாது. நீ வந்து அதைச் சரி பண்ணு."

சிரித்துக்கொண்டேதான் வந்தான். வந்த அன்று அவள் கட்டிலருகே உட்கார்ந்தான். அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். மெலிந்துபோன அந்தக் கையில் எங்கிருந்து வந்தது அத்தனை பலம் என்று தெரியவில்லை. மற்றவர்கள் வெளியே போகும்வரை காத்திருந்து, "பயமா இருக்கு வெஸ்" என்றாள்.

பனிப்புயலில் தனியாக டிராக்டர் ஓட்டிக்கொண்டு போய் மாடுகளை மீட்டுவந்தவள். அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையை அவன் அதுவரை கேட்டதில்லை. "லைட்டைப் பாத்துட்டு வந்துடறேன்க்கா" என்று கையை விடுவித்துக்கொண்டு எழுந்தான். அதற்குப் பிறகு சாப்பாட்டுத் தட்டைக்கூடக் கொட்டகைக்கே கொண்டுவரச் சொல்லிவிட்டான்.

இப்போது வாசலில் மறுபடியும் காலடிச் சத்தம் கேட்டது. அத்தான் கிளிஃப். தொப்பியைக் கையில் வைத்திருந்தார்.

"போயிட்டா" என்றார்.

வெஸ்லி எழுந்து உட்கார்ந்தான். கிளிஃப் வண்டியைச் சுற்றிப் பார்த்து, "முடிஞ்சுதா?" என்று கேட்டார்.

"இன்னும் கொஞ்சம் இருக்கு அத்தான்."

"மெதுவா பண்ணு. அவசரமில்ல."

அவர் போனதும் வயரை வைத்துத் திருகை முடுக்கினான். ஒரு பெருமூச்சு விடுகிற நேரம்தான் ஆனது.

சவப்பெட்டியைப் பிக்கப்பின் பின்தளத்தில் வைத்துக் கொண்டுபோனார்கள். அறுவடை முடிந்து மொட்டையாகக் கிடந்த சோளவயல்களுக்கு நடுவே, பட்டப்பகலில் எல்லா விளக்கும் எரிய, வெஸ்லியே ஓட்டினான். தேவாலயத்தில் பாஸ்டர் அவன் பெயரைச் சொன்னார். அக்காளின் கடைசி ஆசைக்காக ஊண் உறக்கமில்லாமல் குளிரில் தரையில் கிடந்து உழைத்த தம்பி என்றார். முன்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். வெஸ்லி பாட்டுப் புத்தகத்தின் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் காப்பியும் பன்றியிறைச்சி சாண்ட்விச்சும் வைத்திருந்தார்கள். பக்கத்துப் பண்ணை மார்வின் அவன் தோளில் தட்டினார்.

"உன் வண்டிக்குப் பின்னாலேயேதான் வந்தேன். ரெண்டு சிவப்பும் என்ன ஜம்முனு எரியுது! எனக்கும் ரெண்டு தம்பிங்க இருக்கானுங்க. நான் செத்தா, பொணம் வெறைச்சாச்சான்னு ரெண்டு பேரும் சீட்டாடிக்கிட்டே கேப்பானுங்க."

சுற்றிலும் சிரித்தார்கள். வெஸ்லியும் சிரித்தான். முகம் கொதித்தது.

வீட்டுக்குத் திரும்பியதும் கிளிஃப் மாடியறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சமையலறையில் டாரா பாத்திரம் கழுவினாள். வெஸ்லி துண்டை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தான்.

"டாரா, அன்னைக்கு நீ வந்து கூப்பிட்டப்ப…"

"தெரியும் மாமா."

"என்ன தெரியும்?"

அவள் குழாயை மூடவில்லை. "அம்மா கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போடச் சொன்னாங்க. அங்கேருந்து பாத்தா கொட்டகை, வண்டியோட பின்பக்கம் எல்லாம் தெரியும். காலைல ரெண்டு லைட்டும் எரிஞ்சப்ப, 'முடிச்சுட்டான் பாரு, எந்தம்பி'ன்னாங்க. 'இப்ப உள்ள வருவான், தலையைச் சீவி விடுடி'ன்னாங்க. முடி எங்க இருக்கு? இருந்ததைச் சீவி விட்டேன்."

வெஸ்லி ஒரே தட்டைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அப்புறம் ஒரு லைட்டு அணைஞ்சுபோச்சு."

"அதுக்கு என்ன சொன்னா?"

"ரொம்ப நேரம் ஜன்னலையே பாத்துட்டிருந்தாங்க. அப்புறம், 'அவனை அவசரப்படுத்தாத'ன்னாங்க. நான்தான் மனசு கேக்காம வந்து கூப்பிட்டேன்."

அவள் கடைசிப் பாத்திரத்தையும் அலசி அவனிடம் நீட்டினாள். குரலில் கோபமில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்று அவனுக்கு இருந்தது.

வெளியே வேன் வந்து நின்றது. அக்காள் படுத்திருந்த வாடகைக் கட்டிலைத் திரும்ப எடுத்துப்போக ஓர் ஆள், தனியாக வந்திருந்தான். டாரா கையைத் துடைத்துக்கொள்ளத் துணி தேடினாள்.

"நீ இரு. நான் போறேன்" என்றான் வெஸ்லி.

அறையில் விரிப்பை ஏற்கெனவே எடுத்திருந்தார்கள். மெத்தையில் லேசாக ஒரு பள்ளம் இருந்தது. வந்தவன் சக்கரங்களின் பூட்டை விடுவித்துவிட்டு நிமிர்ந்தான்.

"வாசப்படியில தூக்கணும் சார். நீங்க தலைமாட்டைப் பிடிச்சுக்கிறீங்களா?"

வெஸ்லி தலைமாட்டைப் பார்த்தான். பக்கத்தில் ஒரு நாற்காலி, கட்டிலை ஒட்டினாற்போல் இழுத்துப் போடப்பட்டு, காலியாக இருந்தது.

"இல்ல, நீங்க அந்தப் பக்கம் போங்க" என்று சொல்லிவிட்டு, அவன் கால்மாட்டுக்குப் போய்க் குனிந்தான்.