ஈரம் குடிக்காத போர்வை

அடுத்தடுத்து ஏழு தும்மல். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எட்டாவது மட்டும் பொடிசாக, 'ப்ச்' என்று கேட்டது. அது என் அண்ணன் போட்டதல்ல, ஜமீன் போட்டது.

ஜமீன் என் இரண்டு கினிப்பன்றிகளில் ஒன்று. இரண்டு கையிலும் அடங்காத உடம்பு, வேளாவேளைக்குப் புல் வராவிட்டால் அதட்டுகிற குரல். இன்னொன்று சிட்டு, ஜமீனின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தே காலம் தள்ளுகிறவள். முந்தின நாள்தான் மரக்கடையிலிருந்து ஒரு மூட்டை மரச்சீவல் வாங்கிவந்து அவர்கள் கூண்டில் மெத்தைபோலப் பரப்பியிருந்தேன். நல்ல வாசனையான மரம். அதுதான் வினை.

"பாப்பா," என்று கூடத்திலிருந்து அண்ணன் கூப்பிட்டார்.

எனக்கு வயது முப்பத்திரண்டு. கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறேன். அண்ணனுக்கு மட்டும் இன்னும் பாப்பா. கோபம் வந்தால் கொஞ்சம் அழுத்தமான பாப்பா.

அண்ணனுக்கு மூக்குதான் பிழைப்பு. தேயிலைக் கம்பெனியில் ருசி பார்ப்பவர். காலையில் நாற்பது கிண்ணங்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றையும் முகர்ந்து, கரண்டியால் உறிஞ்சி, துப்பி, என்ன தரம் என்று சொல்லவேண்டும். அதனால் வீட்டில் பவுடர் கிடையாது, சென்ட் கிடையாது. அந்த வீட்டுக்குத்தான், நான் குடியிருந்த கட்டடத்தை இடிக்கப்போவதாகச் சொன்னதும், இரண்டு கினிப்பன்றிகளோடு வந்து இறங்கினேன். இரண்டு வாரம் என்று சொன்னது மூன்று மாதமாகியிருந்தது.

"முந்தாநேத்து ஆபீஸ்ல ரெண்டாம் தரத்தை முதல் தரம்னு சொல்லிட்டேன்," என்றார் அண்ணன், மூக்கைத் துடைத்தபடி. "இருபது வருஷத்துல முதல் தடவை. எல்லாரும் என்னையே பாத்தாங்க. இதுவரைக்கும் அந்த மூத்திர வாடை, இன்னிக்கு மரத்தூள் வேற."

"இன்னிக்கே மாத்திடுறேன்ணா."

"ஞாயித்துக்கிழமை காலையில வந்து பாப்பேன். வாடை போயிருந்தா இருக்கட்டும். இல்லன்னா நல்ல வீடா பாத்து ரெண்டையும் குடுத்துடலாம். கோவிச்சுக்காத."

கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை. அவர் கேட்டது நியாயம். ஆனால் அவை போனால் நானும் போவேன் என்பது அவருக்குத் தெரியாது; எனக்குத் தெரியும். நகரத்தின் மறுகோடியில் ஓர் ஒற்றை அறை பார்த்துவைத்திருந்தேன். அந்த வீட்டுக்காரம்மாவுக்குக் கினிப்பன்றிகள்மேல் ஆட்சேபம் இல்லை. அந்த அறைக்கு ஜன்னலும் இல்லை. ஞாயிறு காலை முடிவு கேட்டு போன் செய்வதாகச் சொல்லியிருந்தார்.

எனக்குப் போக மனமே இல்லை. முக்கியமாக அண்ணியை விட்டு.

அண்ணி ஒரு பெரிய ஓட்டலின் சலவைக்கூடத்தில் மேற்பார்வை பார்க்கிறார். ஒரு நாளைக்கு முந்நூறு படுக்கை விரிப்பு, அதற்கு இரண்டு பங்கு துண்டு. நான் வந்து இறங்கிய அன்றே சொல்லிவிட்டார்: "அண்ணியும் நாத்தனாரும்னா சண்டை போடணுமாம். எனக்கு அதுக்கெல்லாம் நேரமில்ல. மாசத்துக்கு ஒரு நாள் ஒதுக்குறேன், அன்னிக்கு வச்சுக்கலாம்."

அன்று மாலையே சீவலை வாரிக் கொட்டிவிட்டுப் பழைய செய்தித்தாளை விரித்தேன். செவ்வாய்க்கிழமை காலையில் அது கூழாகிக் கிடந்தது. சிட்டின் வெள்ளை வயிற்றில் பாதித் தலைப்புச் செய்தி ஒட்டியிருந்தது.

அண்ணன் என் அறைப்பக்கம் திரும்பாமலே செருப்பை மாட்டினார். "நேத்துச் செய்தி இன்னிக்கே நாறுது."

மாலையில் அண்ணி ஒரு பெரிய மூட்டையோடு வந்தார். பிரித்தால் பொசுபொசுவென்று நான்கு ஃப்ளீஸ் போர்வைகள், ஓரத்தில் நூல் பிரிந்தவை.

"கழிச்சுப் போட்டது. மேனேஜர்கிட்ட கேட்டுத்தான் எடுத்தேன். எதுக்குன்னார். வீட்டுல ரெண்டு விருந்தாளி, தரையில படுக்குறாங்கன்னேன்."

"அவர் நம்பிட்டாரா?"

"இன்னும் தலையணை வேணுமான்னு கேட்டார்டி."

ஏற்பாடு எளிது. அடியில் பழைய துண்டு இரண்டு மடிப்பு, அதன்மேல் போர்வை. ஈரம் போர்வைக்குள் இறங்கித் துண்டில் தங்கிவிடும்; கால் படுகிற மேல்பக்கம் காய்ந்தே இருக்கும். புழுக்கையைச் சின்னத் துடைப்பத்தால் தள்ளினால் போதும். அண்ணி சிட்டைத் தூக்கி அதன் பாதத்தைத் திருப்பிக் காட்டினார்.

"பாரு, அடியில முடியே இல்ல. பச்சைக் குழந்தை கன்னம் மாதிரி இருக்கு. அதான் போர்வையை ரெண்டு தடவை மிருதுவாக்கிக் கொண்டுவந்தேன்."

புதன்கிழமை ஜமீன் அந்தப் போர்வைமேல் நான்கு காலையும் நீட்டிப் படுத்தான். அப்படி அவன் படுத்து நான் பார்த்ததில்லை. நானும் அண்ணியும் அறை வாசலில் நின்று தொட்டில் பார்ப்பதுபோலப் பார்த்தோம்.

வியாழக்கிழமை வாடை வந்தது. செய்தித்தாளைவிட மோசம். போர்வையை மாற்றினேன்; பாதி நாள்கூடத் தாங்கவில்லை. வெள்ளிக்கிழமை ஜமீன் ஒரு காலைத் தூக்கித் தூக்கி வைப்பதைப் பார்த்து, கூடையில் போட்டுக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடினேன்.

"அடிப்பாதம் சிவந்திருக்கு. இன்னும் புண்ணாகல," என்றார் அவர். "ஈரத்துலயே நிக்குதுங்களா?"

"தினமும் ரெண்டு வேளை சுத்தம் பண்றேன் டாக்டர்."

"நான் உங்களைக் குத்தம் சொல்லலம்மா. படுக்கையைச் சொல்றேன். காய்ஞ்ச படுக்கை குடுங்க, ஒரு வாரத்துல சரியாயிடும்."

வீட்டில் அண்ணி காய் நறுக்கிக்கொண்டிருந்தார். மருத்துவர் சொன்னதைச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"பேசாம பேப்பரே போட்டிருக்கலாம் அண்ணி. அப்பல்லாம் காலாவது நல்லாயிருந்துது."

அண்ணியின் கத்தி நின்றது. "இதான் அந்த மாசத்து ஒரு நாளா?" என்றார். சிரிக்கவில்லை.

"அதில்ல அண்ணி. விட்டுடுங்க. நான் வேற ரூம் பாத்துட்டேன்."

அவர் மறுபடி காய் நறுக்கத் தொடங்கினார். அன்றைக்கு அந்த வீட்டில் கினிப்பன்றிகள் மட்டுமே பேசின.

சனிக்கிழமை பிற்பகல் நான் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தபோது அறை வாசலில் நிழல் விழுந்தது. அண்ணன். மூன்று மாதத்தில் முதல் முறையாக அந்தப் பக்கம் வந்திருந்தார். பின்னால் அண்ணி; நான் போகப்போவதை அவர்தான் சொல்லியிருக்கவேண்டும்.

அண்ணன் பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு கூண்டின் முன்னால் மண்டியிட்டு, கண்ணை மூடி, மூக்கை உள்ளே நீட்டினார். ஜமீன் பதிலுக்கு அவர் மூக்கை முகர்ந்தான்.

"நீ தள்ளுடா," என்றார் அண்ணன் அவனிடம். பிறகு போர்வை ஓரத்தைத் தூக்கி அடியில் ஒரு முறை முகர்ந்தார். மறுபடி மேலே. மறுபடி அடியில்.

"வாடை முழுக்க மேலயே நிக்குது," என்றார். "அடியில துண்டு நேத்துத் துவைச்சது மாதிரி இருக்கு. அங்க ஒண்ணுமே போகல."

அண்ணி குனிந்து துண்டைத் தொட்டார். காய்ந்து மொரமொரவென்று இருந்தது. ஓடிப்போய் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து, அலமாரியில் இருந்த துவைத்த போர்வைமேல் கொஞ்சம் ஊற்றினார். தண்ணீர் உள்ளே இறங்கவில்லை. முத்து முத்தாக நின்று, உருண்டு, அண்ணனின் முழங்காலில் சொட்டியது.

அண்ணி தலையில் கைவைத்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"சாஃப்ட்னர்," என்றார். "மிருதுவா இருக்கட்டும்னு கடைசி அலசல்ல வாசனையில்லாத சாஃப்ட்னர் ஊத்தினேன். ரெண்டு தடவை. அது நூல்மேல மெழுகு மாதிரி படிஞ்சுடும், துணி தண்ணி குடிக்காது. துண்டுக்கு அதைப் போடக்கூடாதுன்னு புதுசா சேர்ந்த பொண்ணை போன மாசம்தான் அரை மணி நேரம் திட்டினேன்."

"அந்தப் பொண்ணு இங்க இல்லாம போச்சே," என்றார் அண்ணன்.

"நீங்க சும்மா இருங்க. எல்லாருக்கும் பாடம் நடத்துற வாத்தியாரம்மா நான், இதுங்களை ஈரத்துல நிக்கவச்சிட்டேன்."

அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "கால் நோகக்கூடாதுன்னுதானே அண்ணி செஞ்சீங்க. நான்தான் நாக்கை அடக்கல."

"சரி சரி, எந்திரி. அழுதா மெழுகு போகாது. கொதிக்கிற தண்ணி வேணும், சமையலறையில இருக்கிற வினிகரை எடு."

மூன்று முறை துவைத்தோம். வினிகர் ஆவி வீடெங்கும் பரவியது. இப்போது அண்ணன் வெளியே நடந்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் மூக்கில் துணிக்கவ்வியை மாட்டிக்கொண்டு, சட்டைக் கையை மடித்து, போர்வையின் ஒரு முனையைப் பிடித்தார். மறுமுனையை அண்ணி பிடித்தார். இருவரும் எதிரெதிராக முறுக்கினார்கள்.

"வலப்பக்கம் முறுக்குங்க. உங்க வலது இல்ல, என் வலது."

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து உன் வலதுதானே," என்றார் அண்ணன், மூக்கடைத்த குரலில்.

அண்ணி சிரித்த சிரிப்பில் பிடி நழுவி, போர்வை மறுபடி வாளிக்குள் விழுந்தது.

மாடியில் நல்ல காற்று. சாயங்காலத்துக்குள் ஒரு போர்வை காய்ந்தது. அண்ணி அதன்மேல் தம்ளரைச் சாய்த்தார். தண்ணீர் சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டது. மூவரும் ஒரு நிமிடம் அந்த ஈரத் தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஞாயிறு காலை அண்ணன் குளித்துவிட்டு, பற்பசை வாசனை குறுக்கிடக்கூடாதென்று பல்கூடத் துலக்காமல், அலுவலகத்தில் கிண்ணங்களின் முன் நிற்பதுபோல வந்து நின்றார். முகர்ந்தார். நெடுநேரம்.

"காய்ஞ்ச புல்லு," என்றார். "கொஞ்சம் வெயில்ல உலர்ந்த துணி. அடியில, ரொம்ப அடியில, லேசா ஜமீன்." ஒரு முறை உறிஞ்சினார். "பரவாயில்ல. முதல் தரம் இல்ல, ஆனா வீட்டுல வச்சுக்கலாம்."

என் போன் அடித்தது. வீட்டுக்காரம்மா. "அறை வேண்டாம்மா, வேற யாருக்காவது குடுங்க," என்று சொல்லி வைத்தேன்.

கூடத்தில் அண்ணி மாற்றுப் போர்வைகளை மடித்துக்கொண்டிருந்தார். வெந்நீரில் வெந்த விரல்கள் இன்னும் சிவந்திருந்தன. எதிரில் உட்கார்ந்து ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன் அண்ணி இவ்வளவு பாடுபட்டீங்க? நாங்க மூணு பேரும் போயிருந்தா உங்களுக்கு ஒரு ரூம் மிச்சம்."

அறைக்குள்ளிருந்து அண்ணனின் குரல் கேட்டது: "டேய், நீ தின்னது போதும், அவளுக்கும் விடு. அடுத்த வாரம் உனக்கு உடம்பு குறைக்கிறோம்."

அண்ணி அந்தப் பக்கம் தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டார்.

"நீங்க வர்றதுக்கு முன்னாடி, உன் அண்ணன் இந்த வீட்டுல ஒரு நாளைக்கு மூணு வார்த்தைதான் பேசுவார். அதுல ரெண்டு போன்ல."