கேக் மனிதனின் கழுத்து

“நான் கழுத்த அறுக்கறப்போ நீ எவ்வளவு சத்தமாக் கத்துவே?”

சிசலுக்கு ஐந்து வயதிருந்தபோது, தன் பிறந்தநாளன்று அண்ணன் யெப்பே கேட்டது இது. அவள் கத்திக் காட்டினாள். “இது பூனைக்குக்கூடப் பத்தாதுடி,” என்றான்.

ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அம்மா இனிப்பு மாவில் மனித உருவில் ஒரு கேக் சுடுவாள். பிறந்தநாள்காரர் அதன் கழுத்தை அறுக்க, மற்றவர்கள் கூச்சலிட வேண்டும். எஸ்பியர் நகரில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். மேல்வீட்டுக் கிழவர் துடைப்பத்தால் தரையை இடிப்பார். பிறகு, “செத்தவனோட தலை எனக்கு,” என்று தட்டோடு இறங்கி வருவார். சிரித்துச் சிரித்து அம்மாவுக்கு வயிறு வலித்துவிடும்.

போன ஆண்டு யெப்பே, தன் காதில் மட்டும் கேட்ட குரல்களை நம்பி, ரொட்டிக் கத்தியோடு அம்மாவின் முன் நின்றான். நீதிமன்றம் அவனை, கதவு பூட்டியே இருக்கும் மனநல விடுதிக்கு அனுப்பியது. பதினான்கு மாதமாகச் சிசல் மட்டும்தான் போய்வந்தாள். அம்மாவுக்குப் பயம் விடவில்லை.

இன்று அவனுக்கு இருபத்தாறு. காலையில் அம்மா யாரும் சொல்லாமலே மாவு பிசைந்தாள். தானும் விடுதிக்கு வருவதாகச் சொன்னாள். பார்வை நேரமான ஒரு மணி நேரமும் அம்மாவால் அவன் எதிரே உட்கார முடியுமா என்பதுதான் சிசலின் கவலை.

விடுதி வாசலில் டப்பாவைத் திறந்த செவிலி, கேக் மனிதனைப் பார்த்ததும் அதை மூடினாள்.

“கேக்க உள்ள எடுத்துட்டுப் போங்க. ஆனா வெட்டறதும் கூச்சலும் வேணாம்.”

அம்மாவின் முகம் வெளுத்தது. “எதைச் செஞ்சு எடுத்துட்டு வந்திருக்கேன் பாரு, சிசல்.”

“எனக்கும்தான் தோணலம்மா. இவன் சட்டைக்கு மிட்டாய்ப் பொத்தான் வச்சதே நான்தானே.”

மாத்திரைகளால் யெப்பே பருத்திருந்தான். அம்மா கோட்டைக் கழற்றாமல் கதவோரம் உட்கார்ந்தாள்.

“இவனுக்கு முடி கோணலா இருக்கு,” என்றான் கேக்கைப் பார்த்து.

“உனக்கு மட்டும் நேரா இருக்காக்கும்.” அம்மாவின் பழைய குரல் அது, அவளை அறியாமல் வந்துவிட்டது.

அவன் சிரித்தான். கழுத்துப் பக்கமே போகாமல், கேக் மனிதனின் ஒரு காலைப் பிய்த்து அம்மாவிடம் நீட்டினான். மேசை நீளம், கை எட்டவில்லை. அம்மா எழுந்தாள். கோட்டை நாற்காலியில் போட்டுவிட்டு அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

மேல்வீட்டுக் கிழவரின் துடைப்பத்தைப் பற்றிப் பேசியதிலேயே நேரம் முடிந்துவிட்டது.

“அடுத்த மாசமும் வரட்டுமாடா?” என்றாள் அம்மா.

யெப்பே அவளையே பார்த்தான். மிச்சக் கேக்கை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு செவிலியின் பின்னால் போனான்.