கையால் ஏற்றிய விடியல்

அவள் புருஷன் பஸ் கண்டக்டர். நாள் முழுக்க ஓயாத வாய்க்கு நாடக மேடையில் கிடைத்ததோ ஒரே ஒரு காட்சி. கிழட்டுக் காவல்காரன் ஒருவன் இருட்டில் தனியாகப் பேசுகிறான், மெல்ல விடிகிறது. வெளிச்சம் முழுசாக வந்ததும் மற்ற நடிகர்கள் உள்ளே வருவார்கள், அவர் நடையைக் கட்ட வேண்டும். விடியல் எவ்வளவு நேரமோ, அவர் வேஷமும் அவ்வளவு நேரம்தான்.

அந்த விடியலைச் செய்தவள் அவள். லிஃப்டுகளுக்குப் புரோகிராம் எழுதும் கைக்கு நாலு எல்இடி விளக்கு எம்மாத்திரம்! கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் விளக்கை அணைத்து அணைத்துப் போட வேண்டும். அதில் எரியும் பங்கைப் படிப்படியாகக் கூட்டினால் வெளிச்சம் ஏறும். ஒவ்வொரு படிக்கும் நடுவில் கொஞ்சம் காத்திரு என்று விளக்கை இயக்கும் சிப்புக்கு எழுதிவிட்டால் இரண்டு நிமிஷத்தில் பொழுது விடிந்துவிடும். ஒத்திகையில் அச்சுப் பிசகாமல் விடிந்தது.

நாடகம் தொடங்கப் போகிற நேரத்தில் நாத்தனார் போனை நீட்டிக்கொண்டு ஓடிவந்தாள்.

“அண்ணி, வீடியோல அண்ணன் மூஞ்சி மேல கோடு கோடா ஓடுது!”

விளக்கு இன்னும் வேகமாக மினுக்கினால் கேமராவில் கோடு விழாது. மினுக்கும் வேகத்தை வைக்கும் சிப்பின் டைமரில் ஒரே ஒரு வரியை மாற்றினாள். கோடு போயே போச்சு.

“அண்ணின்னா அண்ணிதான்!” என்று நாத்தனார் குதித்தாள். விடியலை முழுசாக ஓட்டிப் பார்க்கத்தான் நேரமில்லை.

திரை விலகியது. அவர் இருட்டில் கொட்டாவி விட்டு, “நாப்பது வருஷமா இந்த வாசல்ல...” என்று தொடங்கினார். பளிச்சென்று விடிந்துவிட்டது.

விளக்கு மினுக்குவதற்கும் படிகளுக்கு நடுவில் காத்திருப்பதற்கும் ஒரே டைமர் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அதை முடுக்கிவிட்டதில் சிப்பின் கடிகாரமும் தலைதெறிக்க ஓடியிருக்கிறது. ஒரு மாசமாகக் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பழகிய மனுஷனின் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டாளே, பாவி!

அவர் அண்ணாந்து சூரியனைப் பார்த்தார். படியில் தொங்குகிறவர்களை அதட்டும் அதே குரலில், “யோவ், இன்னும் நேரமாகல. இறங்கு கீழ!” என்றார்.

அரங்கமே சிரித்தது. அவள் லேப்டாப்பில் பூஜ்யத்தைத் தட்டினாள். இருட்டு.

“அப்படி வா வழிக்கு,” என்றார் அவர். மறுபடியும் சிரிப்பு.

சோதனைக்கென்று அவள் வைத்திருந்த பட்டன் ஒன்று இருந்தது. ஒரு தட்டு தட்டினால் வெளிச்சம் ஒரு படி ஏறும். தட்ட ஆரம்பித்தாள். எப்போது தட்டுவது என்று தெரிய அவர் பேச்சைக் கவனிக்க வேண்டியிருந்தது. வீட்டில் அவர் வாயைத் திறந்தாலே “சரி சரி” என்று பாதியில் கத்தரிப்பவள், இன்று ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள். அவர் மூச்சு வாங்கினால் விரலை எடுத்தாள், குரல் தழுதழுத்தால் மெதுவாகத் தட்டினாள். நன்றாகத்தான் பேசுகிறார் என்று பட்டது. அவளுக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.

வீட்டுக்கு நடக்கும்போது சொன்னாள்: “ஏங்க, இன்னைக்கு பட்டனைத் தட்டித் தட்டித்தான் விடிய வெச்சேன். விளக்கை வேற டைமருக்கு மாத்திட்டா போதும். நாளைக்கு நாடகத்துல அது பாட்டுக்கு விடியும்.”

“மாத்திக்கோ. ஆனா நாளைக்கும் நீயே தட்டு,” என்றார் அவர். “நான் பேசுறத நீ கேக்குறேன்னு எனக்கு வெளிச்சத்துல தெரிஞ்சுது.”